நெல்லையிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு: நாட்டை நிலமாகப் படிக்கும் முறை

இந்தியாவின் பகுதிகளைச் சொல் என்றால் பிள்ளைகள் மாநிலங்களை ஒப்பிக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்: 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம், அதற்கு எதிரே தலைநகர், நடனம், திருவிழா. பட்டியல் மனப்பாடம் ஆகிவிடும், நாடு பிடிபடாது. மாநில எல்லை ஆட்சிக்காகப் போட்ட கோடு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதற்காக மறுநாள் அங்கே சாரல் குறைந்துவிடவில்லை, வயலில் பயிரும் மாறவில்லை.

இங்கே சொல்லும் முறையில் மாநிலப் பெயர் கடைசியில்தான் வரும். முதலில் மழை, மண், தண்ணீர். அதன்பிறகு தானியம், எண்ணெய், கூரை. அதற்கும் பிறகு பேச்சு, உறவுமுறை. இந்த எட்டையும் இதே வரிசையில் கேட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு மக்கள் கூட்டமும் ஏன் அப்படி வாழ்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் நிலத்திலேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி வரலாறு. அதை நிலத்தின் தலையில் கட்டக் கூடாது.

முதலில் மலையிலிருந்து கடல்வரை

வரைபடத்தைத் தொடுமுன் ஒரு நாள் பயணம் தேவை. செங்கோட்டையில் பாசஞ்சர் ரயில் ஏறி நெல்லை சந்திப்பில் மாறி, திருச்செந்தூர் வரை போகலாம். வேகமான வண்டி வேண்டாம். நின்று நின்று போகிற வண்டியில்தான் மண் மாறுவது தெரியும். நோட்டில் எட்டுக் கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து வரும்போது வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான். தென்காசி, பாவூர்சத்திரம், கீழக்கடையம் வழியாக அம்பாசமுத்திரம் வரும்வரை மலை கூடவே வரும். அந்த மலைக்குள்ளே காணிக்காரர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. மொத்த ஓட்டமும் 130 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தொடங்கிய மாநிலத்தைவிட்டு வெளியே போகாமல் முடிகிற ஆறு என்பதால் பயிற்சிக்கு இதைவிட வசதியானது கிடைக்காது.

அம்பையிலிருந்து சேரன்மகாதேவி வரை ஆற்றுப் பாசனம். இங்கே பருவத்தின் பெயரையே எழுதுங்கள்: ஜூன் வாக்கில் தொடங்கும் கார், அக்டோபர் வாக்கில் தொடங்கும் பிசானம். இந்த இரண்டு பெயரிலும் இரண்டு மழை இருக்கிறது. காருக்குத் தண்ணீர் தருவது மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை. சமவெளியில் நின்று பார்த்தால் ஜூலையில் காற்றும் புழுதியும்தான். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். இந்த முரணைக் கண்ணால் பார்த்தவருக்கு, மழை பெய்யும் இடமும் பயிர் விளையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது புரிந்துவிடும். கங்கைச் சமவெளியைப் படிக்கும்போது இதே பாடம்தான் பெரிய அளவில் வரும்.

நெல்லையைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை நெல்லும் வாழையும். ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. நாசரேத் நெருங்க நெருங்கப் பனை கூடும். அதற்குத் தெற்கே குதிரைமொழி, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் இறங்கினால் தேரிக்காடு: செக்கச் செவேலென்ற மணல், பெய்த மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். மேலே ஓடை இல்லை, அதனால் நெல்லும் இல்லை. பனைதான் வாழ்க்கை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். பதநீரைப் பாகு பதத்துக்குக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஒரு மண் ஒரு தொழிலை எப்படி உண்டாக்குகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இந்த ஒன்று போதும்.

வடக்கே கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் கரிசல். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம் மானாவாரி. நேரம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஏன் என்பது மகாராஷ்டிரத்துக்குப் போகும்போது தெரியும்.

கடலோரத்தில்தான் அவசரக்காரர்கள் சறுக்குவார்கள். மணப்பாட்டில் 16ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கத்துக்கு மாறிய பரதவர்கள், காயல்பட்டினத்தில் அரபு வணிகத்தோடு தொடர்புடைய முஸ்லிம்கள், திருச்செந்தூரில் முருகன், குலசேகரன்பட்டினத்தில் தசரா. எல்லாம் ஒரே கடற்கரை, ஒரே காற்று. மதத்தை வைத்து நிலப்பகுதி பிரித்தால் இந்த நாலு ஊரையும் நாலு நிலமாக்க வேண்டி வரும். மதத்துக்கு நோட்டில் இடம் கொடுங்கள், எல்லைக் கோட்டை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

இந்தப் பயணத்தை ஜூலையில் ஒருமுறை, நவம்பர் கடைசியில் ஒருமுறை செய்வது நல்லது. ஒரே ஒரு தடவைதான் முடியும் என்றால் ஜூலை. மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

சார்ட் தயாரிப்பு

தேவையானவை: 22×28 அங்குல சார்ட் இரண்டு, பட்டர் பேப்பர் ஆறு தாள், கடையில் கிடைக்கும் இந்திய அவுட்லைன் மேப் ஒன்று, 30 செ.மீ. அடிக்கோல், கலர் பென்சில், கிளிப். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். பட்டர் பேப்பரில் ஊறிப் பரவும், திருத்தவும் முடியாது.

அளவுகோலை முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்தியா வடக்கு தெற்காக 3,214 கி.மீ., கிழக்கு மேற்காக 2,933 கி.மீ. சார்ட் சென்டிமீட்டரில் 56×71. 1 செ.மீ.க்கு 50 கி.மீ. என்று வைத்தால் அகலம் கிட்டத்தட்ட 59 செ.மீ. வந்து அருணாசலம் தாளுக்கு வெளியே போய்விடும். நிறையப் பேர் முக்கால்வாசி வரைந்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். 1 செ.மீ. = 60 கி.மீ. என்று வையுங்கள். உயரம் 53.6, அகலம் 49. கன்னியாகுமரிக்குத் தெற்கே நிக்கோபாரின் இந்திரா முனைவரை இன்னும் இரண்டரை செ.மீ. விட வேண்டும். அதுவும் சேர்த்து 56 செ.மீ., மீதி 15 செ.மீ. குறிப்பு எழுத இருக்கும்.

கையிலுள்ள அவுட்லைன் மேப்பில் இந்தியாவின் உயரத்தை அளந்து, 53.6-ஐ அதனால் வகுங்கள். 21.4 செ.மீ. இருந்தால் இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். அதாவது மேப்பில் 2 செ.மீ. சதுரங்கள், சார்ட்டில் 5 செ.மீ. சதுரங்கள் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைய வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை கோடுகளையே கட்டமாக வைத்து வரையாதீர்கள். தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்கும். நம் பக்கம் ஒரு பாகைக்கு 110 கி.மீ. இருப்பது லடாக் அளவில் 92 கி.மீ. ஆகிவிடும். எல்லாவற்றையும் சம சதுரமாகப் போட்டால் காஷ்மீர் வீங்கிப் போகும். ஜெராக்ஸ் எடுத்த மேப்பில் எண்ணாக அச்சிட்ட அளவு விகிதத்தையும் நம்ப வேண்டாம். ஜெராக்ஸில் படம் சுருங்கும் போது அந்த எண் சுருங்காது. வெளிநாட்டு எல்லைக்கோடு மட்டும் சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட படத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

அடிச் சார்ட்டில் மலையும் ஆறும் மட்டும் வரையுங்கள். மாநில எல்லை வேண்டாம். பட்டர் பேப்பரில் முதல் தாளில் மழை, இரண்டாவதில் மண், மூன்றாவதில் தானியமும் எண்ணெயும், நான்காவதில் கூரை, ஐந்தாவதில் மொழி, ஆறாவதில் மாநில எல்லை. எல்லாத் தாளிலும் கன்னியாகுமரி, துவாரகை, லே ஆகிய மூன்று இடத்திலும் சிறு கூட்டல் குறி போட்டுக்கொண்டால் ஒன்றின்மேல் ஒன்று நகராமல் உட்காரும். மூன்று தாளின் கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே உண்மையான எல்லை இருக்கிறது. விழாவிட்டால் அங்கே கோடு போடாதீர்கள். 100 கி.மீ. அகலத்துக்குச் சாய்கோடு போட்டு இடைநிலம் என்று விடுங்கள். நாட்டில் இடைநிலம்தான் அதிகம்.

எழுபத்தேழரைக் கோடு

இனி விஷயத்துக்கு வரலாம். நெல்லை ஏறத்தாழ 77.7 கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அங்கிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் பெங்களூரு, போபால், டெல்லி, சிம்லா, லே எல்லாம் அரைப் பாகை முன்பின்னாக அதன்மேலேயே விழும். நாட்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்க நமக்கு வாய்த்த வசதி இது.

இரண்டாவது சார்ட்டை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் 28×71 செ.மீ. பட்டை கிடைக்கும். அதில் நெல்லையைத் தொடக்கமாக வைத்து அதே அளவுகோலில் இடங்களைக் குறியுங்கள்: பழனி 3.2 செ.மீ., காங்கேயம் 4.2, பெங்களூரு 7.8, அனந்தபூர் 11, பீதர் 17, அமராவதி 22.6, போபால் 26.9, மதுரா 34.7, டெல்லி 36.8, சிம்லா 41.4, லே 47.

பட்டையின் மேற்பகுதி 10 செ.மீ. நிலத்தின் உயரத்தைக் காட்ட. 1 செ.மீ. = 500 மீட்டர். நெல்லை 50 மீட்டர், பெங்களூரு 900, அனந்தபூர் 350, அமராவதி அதே அளவு, போபால் 500, டெல்லி 215, சிம்லா 2,200, லே 3,500 என்று புள்ளி வைத்து இணையுங்கள். சிம்லாவுக்கும் லேவுக்கும் நடுவே பாராலாச்சா கணவாய் 4,900 மீட்டரை ஒட்டிப் போகும், மறந்துவிடக் கூடாது. உயரத்தை நீளத்தைவிட 120 மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் இமயமலை ஊசிபோல நிற்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். கீழே மழை முதல் உறவுமுறை வரை எட்டு வரிசை, ஒவ்வொன்றும் 2 செ.மீ.

பெரிய மேப்பில் இந்தக் கோடு வடக்கே போகும்போது லேசாக வலப்பக்கம் சாயும். அது நெருங்கிவரும் தீர்க்கரேகைகளால் வருவது. இழுத்து நிமிர்த்த வேண்டாம்.

கோட்டின்மேல் நடந்து பார்த்தால்

ஸ்ரீவில்லிபுத்தூர், பழனி தாண்டிக் கொங்கு நாடு. இரண்டு பக்க மலையும் மழையைத் தடுக்கும். அங்குள்ள கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைக் கவனியுங்கள்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். மழை குறைந்த இடத்தில் உழுது தோற்பதைவிட மாடு வளர்ப்பது மேல் என்று கண்டுகொண்ட நிலம் அது. காங்கேயம் காளை அந்த மண்ணின் விளைச்சல்தான். அதற்கு வடக்கே மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடிகள், பிறகு பெங்களூரு மேட்டுநிலம்: செம்மண், ஏரிகள், கேழ்வரகுக் களி. அனந்தபூர் ராயலசீமை, ஆண்டுக்கு 55 செ.மீ. அளவே மழை. தென்மேற்கும் முழுதாக எட்டாது, வடகிழக்கும் முழுதாக எட்டாது. நிலக்கடலை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பீதரில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கன்னடம், மராத்தி, தெலுங்கு, தக்கினி உருது நாலும் சந்திக்கும் இடம். 1948 வரை நிஜாமின் ஹைதராபாத். 1956இல் அந்த மாநிலத்தை மூன்றாகப் பிரித்து மைசூர், பம்பாய், ஆந்திரத்தோடு சேர்த்தார்கள். மாநில எல்லைத் தாளை இதன்மேல் வைத்தால் ஒரே வட்டாரத்தை மூன்று நிறம் வெட்டுவது தெரியும். சோள ரொட்டி எந்தப் பக்கமும் நிற்காமல் எல்லையைத் தாண்டிப் போகும். செங்கோட்டையில் பார்த்ததுதான் இது, அளவு மட்டும் பெரிது.

பீதருக்கு வடக்கே நாந்தேட்டிலிருந்து அமராவதி, போபால் வரை பெரும்பாலும் கரிசல். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மக்கி உண்டான மண். கோவில்பட்டிக் கரிசலைப் பார்த்தவருக்கு வெடித்த தரை, பருத்தி, சோளம் எல்லாம் பழக்கமானவை. ஆனால் நம் பக்கத்துக் கரிசலுக்கு அந்த எரிமலைப் பாறை அடியில் இல்லை. ஒரே நிறமாக இருப்பதால் ஒரே பிறப்பு என்று எழுதினால் தப்பு. மண் தாளில் இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்து, நம்முடையதற்கு மேலே புள்ளி போட்டு வேறுபடுத்துங்கள்.

அமராவதிக்கு வடக்கே மேல்காட் மலை. இந்த இடத்தை அவசரமாகத் தாண்டுகிறவர்கள் கோட்டின் மிகச் சிறந்த பாடத்தைத் தவறவிடுகிறார்கள். இங்கே வாழும் கொற்கு மக்களின் மொழி சந்தாலி, முண்டாரியோடு சேர்ந்த முண்டா இனம், அதாவது ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். பக்கத்திலேயே பேதூல் பக்கம் கோண்டி, அது நம் திராவிடக் குடும்பம். சுற்றிலும் மராத்தியும் இந்தியும். வடக்கே லாகௌல், லடாக் போனால் திபெத்திய-பர்மியக் குடும்பம். ஆக நெல்லையிலிருந்து இழுத்த ஒரே கோடு நாட்டின் நான்கு பெரிய மொழிக் குடும்பங்களையும் தொட்டுவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தோ-ஆரியம் 78.05 சதவீதம், திராவிடம் 19.64, ஆஸ்திரோ-ஆசியம் 1.11, திபெத்திய-பர்மியம் 1.01. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் கடைசி இரண்டும் கண்ணுக்கே தெரியாது. படத்தில் அவை பெரும்பாலும் மலைகளில் இருக்கும். சமவெளியில் பெரிய மொழிகள் பரவின, மலை மடிப்புகளில் சிறிய மொழிகள் தங்கின.

நர்மதையைத் தாண்டும் இடத்தில் உறவுமுறை வரிசையைப் பாருங்கள். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சாதாரணம். தெலுங்கு, கன்னட நாட்டிலும் அப்படியே. மராத்தியரில் சில கூட்டத்தில் மாமன் மகள் வரை உண்டு. மதுரா, டெல்லி பக்கம் இந்துக்களிடையே அந்த உறவில் திருமணம் கிடையாது. கோத்திரமும் ஒரே ஊரும்கூட விலக்கு. பெண் தூரத்து ஊருக்கு வாழப் போகிறாள், பிறந்த வீட்டுக்கு வந்துபோவது நம் பக்கத்தைவிடக் குறைவு. இது நிலத்தால் வந்தது இல்லை. அதனால்தான் இந்த வரிசை மண் வரிசையோடு ஒட்டாமல் தனியாக மாறும். வலிந்து ஒட்டவைக்க வேண்டாம்.

போபால் மாளவ மேட்டுநிலம், கரிசலில் கோதுமை. சம்பல் பள்ளத்தாக்கில் மண் அரித்து உண்டான கிடங்குகள். அதைக் கடந்ததும் கடுகு தொடங்கும். பரத்பூர் ராஜஸ்தான், மதுரா உத்தரப்பிரதேசம், பேச்சு இரண்டிலும் பிரஜ். டெல்லியில் ஆரவல்லியின் வால் முடிகிறது. முசாபர்நகர் பக்கம் கரும்பும் வெல்லச் சந்தையும். பிறகு சிவாலிக் அடிவாரம், சிம்லாவின் தேவதாரு, ஆப்பிள், மரக்கட்டையும் கல்லும் மாறிமாறி அடுக்கிய சுவர், பலகைக்கல் சாய்கூரை.

மணாலிக்கும் கேலாங்குக்கும் நடுவே மலைமுகடு. 2020இல் திறந்த அடல் சுரங்கத்தில் நுழையும்போது பசுமை, வெளியே வரும்போது மொட்டைப் பாறை. குற்றாலத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது, இன்னும் கடுமையாக. லேயில் ஆண்டுக்கு 10 செ.மீ. அளவே மழை. பார்லி மாவு, வாதுமைக் குடும்பத்துப் பழமான ஆப்ரிகாட், அதன் கொட்டை எண்ணெய், தட்டைக் கூரை. மழையே இல்லாத இடத்தில் சாய்கூரை எதற்கு? அந்தக் கூரையில்தான் தீவனம் காய்கிறது. பனி உருகிவரும் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டுவிட ஊருக்கு ஒருவர் உண்டு, சுர்பொன் என்பார்கள். நம் குளத்து மடைக்குடும்பர் செய்த அதே வேலை. நிலம் துண்டாகாமல் இருக்க அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கமும் முன்பு இருந்தது, 1941இல் சட்டம் அதைத் தடை செய்தது. லேயில் பௌத்தர், கார்கிலில் ஷியா முஸ்லிம் பெரும்பான்மை. இரண்டு இடத்திலும் வயலும் தண்ணீரும் ஒரே மாதிரி. மணப்பாடு, காயல்பட்டினப் பாடம் இங்கே திரும்ப வருகிறது.

குறுக்குக் கோடு

மீதிப் பாதிச் சார்ட்டில் 26 முதல் 27 வடக்கு அட்சரேகையை ஒட்டி இன்னொரு பட்டை: ஜெய்சல்மேர், ஜெய்ப்பூர், லக்னோ, தர்பங்கா, குவாஹாட்டி, கோஹிமா. இந்த அட்சத்தில் ஒரு பாகை 100 கி.மீ., அதாவது 1.66 செ.மீ. மொத்தம் 38.5 செ.மீ. வரும்.

இங்கே பாடம் எளிது. மலை குறுக்கிடாததால் எல்லாம் மெதுவாக மாறும். வங்கக் கடலிலிருந்து வரும் காற்று மேற்கே போகப் போக மழையை இழக்கிறது. பாடநூல் தரும் கணக்குப்படி தென்மேற்குப் பருவத்தில் கொல்கத்தா 119 செ.மீ., பாட்னா 105, அலகாபாத் 76, டெல்லி 56. அதனால் கிழக்கிலிருந்து மேற்கே அரிசி, பிறகு அரிசியும் கோதுமையும், பிறகு கோதுமை, கடைசியில் கம்பு. பேச்சும் இப்படியே வழுக்கிப் போகும்: மைதிலி, போஜ்புரி, அவதி, பிரஜ், மார்வாரி. 2011இல் இந்தி 43.63 சதவீதம் என்ற எண்ணுக்குள் போஜ்புரியும் ராஜஸ்தானியும் அடக்கம். மைதிலி மட்டும் 2003இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்ததால் தனியாக எண்ணப்படுகிறது. ஆகவே மொழித் தாளில் கங்கைச் சமவெளிக்கு ஒரே நிறம் அடிக்காமல் வெளிறிய நிறத்திலிருந்து அடர்த்தியாகக் கொண்டுபோங்கள். சிலிகுரி தாண்டினால் கதை மாறும். பிரம்மபுத்திரா வெள்ளத்துக்குப் பயந்து மிசிங் மக்கள் மூங்கில் கால்மேல் வீடு கட்டுகிறார்கள். நாகா மலை ஏறியதும் பள்ளத்தாக்குக்கு ஒரு மொழி.

இரண்டு கோட்டிலும் படாதவை உண்டு: கேரளம், கொங்கணம், ஒடிசா, தீவுகள். அவற்றுக்குக் கடற்கரையை ஒட்டி மூன்றாவது பட்டை போடலாம், முறை ஒன்றுதான்.

ஆட்களிடம் கேட்பது

படத்தைச் சரிபார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் செட்டிகுளம் அணுவிஜய் நகரியம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், நெல்லையின் கட்டட வேலைத் தளங்கள், ஓட்டல்கள் என்று நாட்டின் எல்லாத் திசை ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். வேலை நேரத்தில் போய் நிற்காதீர்கள். ஞாயிறு மாலை நல்லது. யாருடைய ஆதாரையும் பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. சாதியைக் கேட்கக் கூடாது, தாமாகச் சொன்னாலும் பெயரோடு சேர்த்து எழுதக் கூடாது.

மாநிலத்தைக் கேட்டால் "பீகார்" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். மாவட்டம், பக்கத்து ஆறு இரண்டையும் கேளுங்கள். மிதிலையா, போஜ்பூர் பக்கமா, மகதமா என்பது அப்போதுதான் தெரியும். எண்ணெய் விஷயத்தில் ஒரு சூட்சுமம்: வீட்டில் என்ன எண்ணெய் என்றால் எல்லாரும் ரீஃபைண்ட் ஆயில் என்பார்கள். ஊறுகாய்க்கு என்ன ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். பழைய எண்ணெய் அங்கேதான் ஒளிந்திருக்கும். வங்காளி, பீகாரி கடுகெண்ணெய் என்பார், நாம் நல்லெண்ணெய் என்போம். தானியத்திலும் அப்படியே, விளைவதையும் உண்பதையும் தனித்தனியாக எழுத வேண்டும். பஞ்சாபில் நெல் மலைபோல் விளைகிறது, வீட்டில் ரொட்டிதான்.

கடைப் பண்டத்தை வைத்து நிலத்தை முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. நெல்லை அல்வாவுக்குச் சம்பா கோதுமைப் பால் வேண்டும், நெல்லையில் கோதுமை விளைவதில்லை. அல்வாக் கலையைக் கொண்டுவந்தவர்கள் வடக்கிலிருந்து வந்த சிங் குடும்பங்கள் என்பது ஊர் அறிந்த சங்கதி. இதைக் கூரை, தானியக் கட்டத்தில் எழுதாமல், யார் எங்கிருந்து வந்தார் என்பதற்கு ஓரத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள். மதுரையின் சௌராஷ்டிரர்கள், நாந்தேட்டில் குரு கோவிந்த் சிங்கின் நினைவிடத்தைச் சுற்றி வாழும் சீக்கியர்கள் எல்லாம் அம்புக்குறிக் கணக்கு.

எண்களில் வரும் குழி

2011 கணக்கெடுப்பில் நெல்லை மாவட்டத்தின் மக்கள்தொகை 30.77 லட்சம். தென்காசி 2019இல்தான் பிரிந்தது, எனவே அந்த எண்ணுக்குள் தென்காசியும் இருக்கிறது. இன்னும் பின்னால் போய் 1981 எண்ணை எடுத்தால் தூத்துக்குடியும் உள்ளே வரும், அது பிரிந்தது 1986. இதே கோளாறு தெலங்கானாவுக்கும் (2014) லடாக்குக்கும் (2019) உண்டு. எண்ணை எழுதும்போது பக்கத்தில் ஆண்டையும் அன்றைய எல்லையையும் எழுதாமல் விட்டால் இரண்டு காலத்து எண்களை ஒப்பிட்டு இல்லாத வளர்ச்சியோ தேய்வோ காண்பீர்கள்.

பட்டர் பேப்பரை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடிப்புக் கோடு ஆறுபோலத் தெரியும். 2027 கணக்கெடுப்பின் மொழி அட்டவணை வெளிவந்ததும் ஐந்தாம் தாளை மட்டும் புதிதாக வரைந்தால் போதும். மாநில எல்லை எப்போது மாறினாலும் ஆறாம் தாளை மட்டும் மாற்றுங்கள். அடிச் சார்ட்டில் கை வைக்க வேண்டிய தேவை இருக்காது.